பயிற்சி பதினான்கு

வியாழக்கிழமை, மாலை ஏழரை.
தேவாலயத்தின் பின்கூடத்தில் ஒரு ஹீட்டர்,
பதினோரு நாற்காலிகள், நாங்கள் எட்டுப் பேர்.
எத்தனை முறை கழுவினாலும்
கையில் கொழுப்பு வாசனை போகாது.
இறைச்சி ஆலையின் பகல் ஷிஃப்ட்
இங்கே வந்து பேனா பிடிக்கிறது.

கிரான்யா பலகையில் எழுதுகிறாள்:
ஐ யூஸ்ட் டு.
முன்பு உண்டு, இப்போது இல்லை.
அதன் கீழே:
ஐ ஆம் யூஸ்ட் டு.
முன்பு உறுத்தியது, இப்போது உறுத்தவில்லை.
விட்டதற்கும் பழகியதற்கும் நடுவில்
ஓர் ஆம்.
அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறாள்.

எட்மில்சன் எழுதினான்:
முன்பெல்லாம் நான் புகைப்பேன்.
வாசித்துக் காட்டிவிட்டு
இடைவேளைக்குக் காத்திராமல்
லைட்டரோடு வெளியே போனான்.
இலக்கணம் சரி, என்றாள் கிரான்யா
கதவைப் பார்த்து.

சுலெய்டி எழுதினாள்:
ஞாயிறுகளில் வழக்கமாக அனாபொலிசுக்கு ஃபோன் செய்கிறேன்.
மகன் வழக்கமாக எடுப்பதில்லை.
‘வழக்கமாக’ இரண்டு முறையும்
உரிய இடத்தில் உட்கார்ந்திருந்தது.
ஒரு டிக். இன்னொரு டிக்.

ஜன்திராவுக்கு ‘வுட்’ வந்தது.
அப்பா சனிக்கிழமை வருவார்,
லாரிச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் எறிவார்,
காலணியோடு தூங்கிவிடுவார்.
வருவார், எறிவார், தூங்கிவிடுவார்.
நடந்து முடிந்ததையா சொல்கிறாள்,
இந்தச் சனிக்கிழமையையா?
தலையை உயர்த்திப் பார்த்தேன்.
அவள் அழிரப்பரின் தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

என் முறை.
ஐ டூ பீ கோல்ட் இன் த மார்னிங்ஸ்.
காலையில் எனக்குக் குளிரும்,
நேற்றும் இன்றும் நாளையும்,
குளிர் ஓர் உத்தியோகம் மாதிரி.
கிரான்யா சிவப்பில் அடித்தாள்.
டூ பீ கிடையாது. புத்தகத்தில் இல்லை.
தேர்வில் ஒரு மார்க் போய்விடும்.

எலும்பு நீக்கும் வரிசையில் என் இடப்பக்கம் மேட்டி ஃபாஹி,
இருபத்தாறு வருடமாக அதே கொக்கியடியில்.
முதுகு அவனைக் கொல்கிறது என்பதை
நாளைக்கு நாலு தடவை
டூ பீ போட்டுத்தான் சொல்கிறான்.
அவன் இந்த ஊர்க்காரன்,
நான் அடிக்கப்பட்டவன்.
கேட்கவில்லை. உட்கார்ந்தேன்.

இடைவேளையில் அவள் ஃபோன் ஒலித்தது.
நடைபாதையில் நின்று, சுவர்ப்பக்கம் திரும்பி,
வேகமாக, வேறொரு குரலில்:
இல்லம்மா, வியாழக்கிழமை
ஐ டூ பீ ஹியர் டில் நைன்,
எத்தனை தடவை சொல்வது?

தேநீர்க் கோப்பைகள் எட்டும்
அந்தரத்தில் நின்றன.
சுலெய்டி என்னைப் பார்த்தாள்.
நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

உள்ளே வந்தவள் எங்கள் முகங்களைப் படித்தாள்.
அவள் முகம் அவள் பேனாவின் நிறமாயிற்று.
கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டினாள்.
பிறகு பலகையின் கீழ் மூலையில்,
வாடகைக்கு அறை கேட்பவர் எழுதுவதுபோல் சின்னதாக:
டூ பீ.

இங்கே முன்பு வேறொரு மொழி
வீட்டுக்கு வீடு புழங்கியது, என்றாள்.
போகும்போது எல்லாவற்றையும் எடுத்துப்போயிற்று.
இந்த ஒரு காலத்தை மட்டும்
கதவுக்குப் பின்னால் மறந்துவிட்டுப் போயிற்று,
மழைக்கோட்டு மாதிரி.
நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.
பரீட்சையில் எழுதாதீர்கள்.

என் நோட்டை வாங்கினாள்.
சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது, மைப்பேனா.
அதன்மேல் ஏதோ செய்யப் பார்த்து
விட்டுவிட்டாள்.

பத்தாவது கேள்வி வீட்டுப்பாடம்:
எனக்கு ஒருபோதும் பழகாதது ______.
சமையலறையில் நின்றபடி
கோட்டின் நீளத்தை விரலால் அளந்தேன்.
மூன்று அங்குலம் கூட இல்லை.
அப்படியே மூடி வைத்தேன்.

காலை ஐந்து ஐம்பது.
இரும்பு வலைக் கையுறை, வெள்ளை பூட்ஸ்,
தண்டவாளத்தில் முதல் தொடை ஆடி வருகிறது.
மேட்டி, என்றேன்,
ஐ டூ பீ கோல்ட் இன் த மார்னிங்ஸ்.

அவன் திரும்பவில்லை, வியக்கவில்லை.
யூ டூ, யா, என்றான்,
கத்தியை இரண்டு முறை தீட்டி
தொடையை என் பக்கம் தள்ளினான்.